கொரோனா ஊரடங்கு நாட்களை இப்போது நினைத்தால் உங்களுக்கு ஏக்கம் வருகிறதா?

எனக்கு வரவில்லை.

கேள்விக்குக் கீழே கேட்டவர் எழுதியிருக்கும் விளக்கத்தையும் படித்தேன். மூன்று வேளையும் குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிட்டது, மொட்டை மாடியில் பிள்ளைகளோடு பட்டம் விட்டது, வண்டிச் சத்தம் இல்லாத தெரு, அம்மாவிடம் கேட்டுக் கேட்டுச் சமைக்கக் கற்றுக்கொண்டது. அந்த நிம்மதி இனிமேல் கிடைக்குமா என்று கேட்கிறார். நீங்கள் மாதச் சம்பளத்தில் இருப்பவர் என்று நினைக்கிறேன். மடிக்கணினியை எடுத்துக்கொண்டு சொந்த ஊருக்கு வந்து, அங்கிருந்தே வேலை பார்த்திருப்பீர்கள். அதில் ஒரு தப்பும் இல்லை. உங்களுக்குக் கிடைத்த நிம்மதி உண்மையாகவே இருந்திருக்கும். ஆனால் இதுவரை வந்த பதில்கள் எல்லாமே ஒரே மாதிரி இருக்கின்றன. அந்த நாட்களில் சம்பாத்தியம் நின்றுபோன ஒருவன்கூட இங்கே எழுதவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் நாயனக்காரன், நாதஸ்வரம் வாசிப்பவன். கும்பகோணத்துக்குக் கிழக்கே அரசலாற்றங்கரையில் ஒரு ஊர். எங்கள் ஊர்ச் சிவன் கோயிலில் பூஜைக்கு வாசிக்கும் முறை எனக்கு உண்டு. காலையும் சாயரட்சையும் அர்த்தசாமமும் வாசிக்க வேண்டும். அதற்குக் கிடைக்கும் பணம் ஒரு மாத அரிசிக்குக் காணாது. எங்களைக் காப்பாற்றுவது கல்யாணமும் திருவிழாவும்தான். ஆடியில் முகூர்த்தம் கிடையாது, புரட்டாசியில் கிடையாது, மார்கழியில் கிடையாது. தையில் ஆரம்பித்து ஆனி வரைக்கும் ஓடுவோம். அதிலும் பங்குனி, சித்திரை, வைகாசி மூன்று மாதமும் தூங்க நேரமிருக்காது. ஒரு பக்கம் மாரியம்மன் கோயில் காப்புக் கட்டு, தீமிதி, இன்னொரு பக்கம் கல்யாணம். அந்த மூன்று மாதத்தில் சம்பாதிப்பதை வைத்துத்தான் மீதி வருடத்தை ஓட்டுவது. இப்போது யோசித்துப் பாருங்கள். 2020ல் ஊரடங்கு போட்டது மார்ச் கடைசியில், அதாவது பங்குனி நடுவில். 2021ல் முழு ஊரடங்கு மே 10ஆம் தேதி, சித்திரை முடிகிற நேரத்தில். இரண்டு வருடமும் சரியாக எங்கள் அறுவடைக் காலத்தில்தான் வந்து உட்கார்ந்தது. மற்ற தொழில்காரர்கள் மூன்று நான்கு மாதத்தில் எழுந்துகொண்டார்கள் என்று சொல்வார்கள். எங்களுக்கு ஒரு பருவம் போனால் ஒரு வருடம் போன மாதிரி.

அந்த வருடம் எவ்வளவு நன்றாக ஆரம்பித்தது தெரியுமா? 2020 பிப்ரவரி 5ஆம் தேதி தஞ்சைப் பெரிய கோயிலில் குடமுழுக்கு. இருபத்து மூன்று வருடத்துக்குப் பிறகு நடந்தது. நானும் கூட்டத்தில் நின்று பார்த்தேன். தோளோடு தோள் ஒட்டி அத்தனை ஜனம். மாசி முகூர்த்தங்கள் முழுக்க வேலை இருந்தது, பங்குனிக்கும் சித்திரைக்கும் தாம்பூலம், அதாவது அட்வான்ஸ், வாங்கி வைத்திருந்தேன்.

மார்ச் 24ஆம் தேதியை மறக்க முடியாது. அன்றைக்குத்தான் சட்டசபையில் மயிலாடுதுறை தனி மாவட்டம் ஆகும் என்று அறிவித்தார்கள். எங்கள் செட்டில் தாளம் போடுபவர் மயிலாடுதுறைப் பக்கம். எத்தனையோ வருடமாக அவர்கள் கேட்டுக்கொண்டிருந்தது. போனில் அவர் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். அன்றைக்கு ராத்திரி எட்டு மணிக்குப் பிரதமர் டிவியில் வந்து 21 நாள் ஊரடங்கு என்றார். மறுநாள் காலையிலிருந்து கல்யாண வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராகப் போன் செய்தார்கள். தேதி தள்ளிவைத்திருக்கிறோம் என்று சொன்னவர்கள் பாதிப் பேர். கொடுத்த அட்வான்ஸைத் திருப்பித் தர முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டவர்கள் மீதிப் பேர். கேட்டவர்களுக்கெல்லாம் திருப்பிக் கொடுத்தேன். அவர்களும் மண்டபத்துக்கும் சமையலுக்கும் கொடுத்துவிட்டு முழித்துக்கொண்டிருந்தவர்கள்தான்.

கோயில்களை மூடினார்கள். ஆனால் உள்ளே பூஜை நிற்கவில்லை. இது நிறையப் பேருக்குத் தெரியாது. ஜனங்களுக்குத்தான் கதவு மூடியிருந்தது, சாமிக்கு ஆறு காலமும் நடந்தது. குருக்கள், மெய்க்காவல், நான். நான் தினமும் இரண்டு தெரு தாண்டிப் போக வேண்டும். முதல் வாரத்திலேயே கடைத்தெருவில் தடுப்பு போட்டு நின்ற போலீஸ்காரர் என்னை நிறுத்தினார். பையில் என்ன என்று கேட்டார். உறையைக் கழற்றிக் காட்டினேன். ஊரே அடங்கிக் கிடக்கிறது, யாருக்காக ஊதப் போறீங்க என்றார். சாமிக்கு என்றேன். அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, முகக்கவசத்தை மூக்குக்கு மேலே இழுத்துவிட்டுக்கொண்டு போங்க அண்ணே என்றார். அதற்கப்புறம் அவர் ஒரு நாளும் நிறுத்தவில்லை.

வெறும் கோயிலில் வாசித்தது எப்படி இருந்தது என்று என் மச்சான் கேட்டான். நான் சின்ன வயதிலிருந்து வாசிக்கிற இடம்தான். சாயரட்சைக்குக் கல்யாணி ராகம் எடுத்தால் நாலு கிழவர்களாவது தூணில் சாய்ந்துகொண்டு கேட்பார்கள். அவர்களில் ஒருவர் எது நன்றாக இருந்தது, எது இல்லை என்று வெளியே வரும்போது சொல்வார். அந்த ஆள் இல்லை என்பதுதான் எனக்குப் பெரிய குறையாக இருந்தது. ஆனாலும் ஒன்று சொல்கிறேன். முதல் வருடம் முழுக்க அந்தக் கோயிலில் ஒரு வேளைகூட நாயனம் நிற்கவில்லை. இதை நான் பெருமையாகத்தான் சொல்கிறேன். டாக்டர்களும் நர்ஸுகளும் துப்புரவுப் பணியாளர்களும் உயிரைக் கொடுத்து வேலை பார்த்தபோது நீ ஊதியது பெரிய சாதனையா என்று யாராவது கேட்கலாம். அவர்களோடு என்னை நான் வைத்துப் பேசவில்லை. என் வேலையை நான் விடவில்லை என்று மட்டும்தான் சொல்கிறேன்.

வருமானத்துக்கு என்ன செய்தாய் என்று கேட்பீர்கள். ரேஷனில் ஆயிரம் ரூபாயும் அரிசியும் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன், நன்றியோடுதான் வாங்கினேன். அந்த வருடம் மேட்டூர் அணையை ஜூன் 12ஆம் தேதியே திறந்தார்கள். எட்டு வருடத்துக்கப்புறம் குறித்த நாளில் தண்ணீர் வந்தது. டெல்டா முழுக்கக் குறுவை வேலை. நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அண்டை வெட்டப் போனேன். நாற்றுப் பறித்தேன். கேவலமாக நினைக்கவில்லை, சோறு போட்ட வேலை. ஆனால் கை காய்த்துப்போய், விரல் நுனி மரத்துப்போய்விட்டது. நாயனத்தில் துளையைப் பாதி மூடி, கால்வாசி மூடித்தான் கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்து வளைப்பது, வரும். சாவிகள் எதுவும் கிடையாது, எல்லாம் விரலும் மூச்சும்தான். காலையில் வயலில் நின்றுவிட்டுச் சாயந்திரம் கோயிலில் வாசித்தால் காதில் விழுவது எனக்கே பிடிக்காது. மனைவி தினமும் ராத்திரி தேங்காயெண்ணெய் தடவிவிடுவாள்.

ஆவணியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கல்யாணங்கள் ஆரம்பித்தன. ஐம்பது பேருக்கு மேல் கூடாது என்று விதி. எங்கள் செட் என்றால் இரண்டு நாயனம், இரண்டு தவில், தாளம், சுருதி. ஆறு பேர். ஐம்பதில் ஆறு பேர் நீங்களே ஆகிவிட்டால் மாமன் மச்சானை எங்கே நிறுத்துவது என்றார்கள். நியாயம்தான். ஒரு நாயனம், ஒரு தவில் போதும் என்று குறைத்தார்கள். சுருதிப் பெட்டியைத் தவில்காரர் பக்கத்தில் ஒரு நாற்காலியில் வைத்துவிட்டு வாசித்தோம். அது அரைகுறை மேளம். இன்னொரு நாயனம் பின்னால் பிடித்துக்கொண்டு நிற்காவிட்டால் முதல் நாயனக்காரன் மூச்சு வாங்கக்கூட இடம் கிடைக்காது.

அதைவிடக் கஷ்டமானது ஒன்று இருந்தது. நாயனத்தை முகக்கவசம் போட்டுக்கொண்டு வாசிக்க முடியாது. நாயனத்தின் நுனியில் மாட்டி ஊதுகிற சீவாளியை வாயில் வைத்து நனைத்தால்தான் அது பதமாகும், பேசும். ஊதும்போது உமிழ்நீர் சிதறும், அதை மறைக்க முடியாது. ஒரு கல்யாண வீட்டில் பெண்ணின் பெரியப்பா என்னிடம் வந்து, தவில் மட்டும் அடிக்கட்டும், நீங்கள் ஊத வேண்டாம், பேசிய பணத்தைக் கொடுத்துவிடுகிறோம் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அவர் வீட்டில் வயதான அம்மா இருந்தார்கள், பயந்திருக்கிறார். நான் அவர் மேல் கோபப்படவில்லை. ஆனால் தாலி கட்டும்போது நாயனத்தை மடியில் வைத்துக்கொண்டு ஓர் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். என் தகப்பனார் காலத்திலிருந்து எங்கள் வீட்டில் யாருக்கும் அப்படி நேர்ந்ததில்லை.

இன்னும் சில வீடுகளில் அதுவும் இல்லை. செல்போனில் கெட்டிமேளத்தைப் போட்டு ஒலிபெருக்கியில் விட்டுவிட்டார்கள். அவசரத்துக்குச் செய்தது என்று அப்போது நினைத்தேன். கொரோனா போன பிறகும் அது போகவில்லை.

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். இப்போதெல்லாம் கல்யாண மேடையில் யார் அதிகாரம் செய்கிறார்கள் என்றால் வீடியோ எடுப்பவர். ஐயர் சொல்லிக் கெட்டிமேளம் கொட்டிய காலம் போய்விட்டது. வீடியோக்காரர் கையைக் காட்டினால் நாங்கள் நிறுத்த வேண்டும், மறுபடி காட்டினால் வாசிக்க வேண்டும். போன வருடம் ஒரு மண்டபத்தில் தாலி கட்டி முடித்த பிறகு, கோணம் சரியாக விழவில்லை, இன்னொரு தடவை கெட்டிமேளம் போடுங்கள் என்றார். முகூர்த்த நேரத்தில் ஒரு தடவைதான் அது. அதை நான் சொன்னேன். மாப்பிள்ளையின் சிநேகிதர்களுக்குக் கோபம் வந்துவிட்டது. மேளக்காரனுக்கு இவ்வளவு பேச்சா என்று காதில் விழுகிற மாதிரியே சொன்னார்கள். வீடியோ எடுப்பவர்களும் என்னைப் போலத் தொழில் செய்பவர்கள்தான், கொரோனாவில் அவர்களும் பட்டினி கிடந்தார்கள், எனக்குத் தெரியும். ஆனாலும் தாலி கட்டுவது படம் பிடிப்பதற்காக நடப்பதல்ல. சரி, விட்டுவிடுகிறேன்.

2021 தைக்கு எல்லோரும் காத்திருந்தோம். நவம்பரில் நிவர், டிசம்பரில் புரெவி, அதற்கப்புறம் ஜனவரியிலும் விடாத மழை. அறுவடைக்கு நின்ற சம்பா சாய்ந்து தண்ணீரில் முளைத்தது. எங்கள் பக்கம் அறுப்பு முடிந்து கையில் காசு வந்தால்தான் கல்யாணம். தையும் போயிற்று. மனைவியின் தோடும், நாயனத்தில் கட்டித் தொங்கும் வெள்ளிச் சங்கிலியும் அடகுக்கடைக்குப் போயின. பின்னால் அரசு ஐந்து பவுன் வரை நகைக்கடன் தள்ளுபடி செய்தபோது பலர் என்னிடம் உனக்கும் வந்திருக்குமே என்றார்கள். அது கூட்டுறவு நிறுவனங்களில் வைத்த நகைக்கு. சேட்டுக் கடையில் வைத்ததற்கு இல்லை.

இரண்டாம் அலை வந்தபோது ஊரில் தடுப்பூசிக்கே பயம். ஏப்ரலில் நடிகர் விவேக் தடுப்பூசி போட்ட இரண்டாவது நாள் இறந்துபோனார். அதற்கும் ஊசிக்கும் சம்பந்தமில்லை என்று எத்தனை பேர் சொன்னாலும் எங்கள் தெருவில் யாரும் கேட்கவில்லை. நான் முதல் ஊசி போட்டிருந்தேன், இரண்டாவதற்குத் தேதி வரவில்லை. என் தவில்காரர் போடவில்லை.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிடப் பெரியவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். நான் மேடையேறிய நாளிலிருந்து அவர்தான் எனக்குத் தவில். சாமி புறப்பாட்டுக்கான மல்லாரி வாசிக்கும்போது நான் எந்த இடத்தில் மூச்சு வாங்குவேன் என்று எனக்கு முன்னால் அவருக்குத் தெரியும். அந்த இடத்தில் ஒரு சின்னத் தவில் சொல்லை அடித்து நிரப்புவார். கேட்பவர்களுக்கு நான் மூச்சே வாங்காமல் வாசிப்பது போல இருக்கும். மே மாதம் இருவருக்கும் ஒரே வாரத்தில் காய்ச்சல் வந்தது.

எனக்கு விரலில் மாட்டும் கருவியில் ஆக்ஸிஜன் 89 காட்டியது. ஒரு தனியார் மருத்துவமனையில் முதலில் லட்ச ரூபாய் கட்டச் சொன்னார்கள். அங்கிருந்து அரசு மருத்துவமனைக்கு வந்து, தாழ்வாரத்தில் ஒரு சிலிண்டரோடு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தேன். விடியற்காலையில் ஒரு படுக்கை காலியானது. எப்படிக் காலியானது என்று நான் கேட்கவில்லை. குப்புறப் படுக்கச் சொன்னார்கள். ஒரு நர்ஸ் பெண், என் மகள் வயதுதான் இருக்கும், நான் என்ன தொழில் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, நாயனக்காரருக்கு மூச்சைப் பற்றி நான் சொல்லித்தரணுமா, மெதுவா இழுங்க அப்பா என்றது. அந்தப் பெண் இல்லாவிட்டால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

அண்ணன் வேறொரு மருத்துவமனையில் இருந்தார். அவர் போய்விட்டதை என்னிடம் ஒரு வாரம் கழித்துத்தான் சொன்னார்கள். எங்கள் தொழிலில் ஒருவர் போனால் சுற்றுவட்டார மேளக்காரர்கள் எல்லோரும் வந்து நிற்பார்கள். திருவாரூர், மன்னார்குடி, சிதம்பரம் என்று எங்கிருந்தும் வருவார்கள். அவருக்கு யாரும் வர முடியவில்லை. பிளாஸ்டிக்கில் சுற்றிக் கொண்டுபோய்விட்டார்கள். மகன் மட்டும் தூரத்தில் நின்றிருக்கிறான். பிற்பாடு அண்ணி அவருடைய தவிலை விற்றுத் தரச் சொன்னார்கள். மழைக்காலம், தோல் தளர்ந்து கிடந்தது. புதுத்தோல் போட்டு, திருபுவனம் பக்கம் ஒரு பையனுக்கு நல்ல விலைக்கே விற்றுக் கொடுத்தேன். பையன் நன்றாக வாசிக்கிறான்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு வாக்கியம் பேசி முடிப்பதற்குள் எனக்கு இளைத்தது. ஆறு மாதம் ஊதவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மனைவி என் சீவாளிகளை எல்லாம் எடுத்து எரித்துவிட்டாள், நோயாளி வாயில் வைத்தது என்று. அவள் செய்தது சரிதான். ஆனால் பழகிய சீவாளி போனால் எப்படி இருக்கும் என்று இந்தத் தொழிலில் இருப்பவனுக்குத்தான் தெரியும். கொறுக்கை என்கிற நாணலை வெட்டிக் காயவைத்துப் பக்குவம் செய்து, இழை இழையாகச் சீவி, கட்டி, அதற்கப்புறம் நம் வாய்க்குப் பழக வேண்டும். திருவாவடுதுறையில் சொல்லிப் புதிதாக வாங்கினேன். அங்கேயும் அவர்கள் கட்டி வைத்ததை வாங்க ஆளில்லாமல் கஷ்டப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

மூச்சுப் பயிற்சிக்கு மூன்று பந்துள்ள ஒரு பிளாஸ்டிக் கருவி கொடுத்தார்கள். முதலில் ஒரு பந்துகூட எழும்பவில்லை. மூன்றும் எழும்பி நிற்க ஆரம்பித்த பிறகு, வெறும் சீவாளியை மட்டும் வாயில் வைத்து ஊதிப் பார்த்தேன். அப்புறம் நாயனத்தில் மாட்டி, ஷட்ஜத்தை, அதாவது ‘ஸ’வை மட்டும் பிடித்து நின்றேன். அதற்கே கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஜூலை 5ஆம் தேதி கோயில்களைத் திறந்தபோது என்னால் வாசிக்க முடியவில்லை, என் அக்கா மகன் வாசித்தான். ஐப்பசி அன்னாபிஷேகத்துக்குத்தான் நானே போனேன். முன்பு ஒரே மூச்சில் வாசித்த இடத்தை இரண்டாக உடைத்து வாசித்தேன். இன்றைக்கும் அப்படித்தான் வாசிக்கிறேன். தூணில் சாய்ந்து கேட்பவர்களில் ஒருவர் அதைக் கண்டுபிடித்துவிட்டார்.

ஒன்றுமே நல்லது நடக்கவில்லையா என்று கீழே யாராவது கேட்பீர்கள். 2022ல் நரசிங்கம்பேட்டை நாயனத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆச்சா மரத்தில் கடைகிற அந்தக் குடும்பங்களுக்கு அது பெரிய விஷயம், எனக்கும் சந்தோஷம். ஆனால் அது கொரோனாவால் வந்ததல்ல. என்னிடம் கற்றுக்கொண்டிருந்த மூன்று பையன்களில் இரண்டு பேர் அந்தச் சமயத்தில் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனவர்கள், திரும்பவில்லை. மாதாமாதம் சம்பளம் வருகிறது, அவர்களைக் கூப்பிட எனக்கு வாயில்லை. மூன்றாமவன் வருகிறான், பாடத்தில் வர்ணம் வரைக்கும் வந்திருக்கிறான்.

கேள்வி கேட்டவருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் கல்யாணம் வந்தால் செல்போனில் கெட்டிமேளம் போடாதீர்கள். ஒரு நாயனம் ஒரு தவில் என்று குறைக்காமல் முழு செட்டாகச் சொல்லுங்கள். ஊதுகிறவனைக் கடைசிப் பந்தி வரைக்கும் பட்டினி போடாதீர்கள். என் போன் நம்பரை இங்கே போடவில்லை, விளம்பரத்துக்கு எழுதினேன் என்று சொல்வார்கள். உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே ஒரு செட் இருக்கும், கோயிலில் விசாரித்தால் சொல்வார்கள்.